கர்த்தரைத் தெரியும், சரி. பழக்கம் உண்டா?

எங்கள் டெல்டா பக்கம் ஒருவரைப் பற்றி விசாரித்தால் "தெரியும், ஆனா பழக்கமில்லை" என்பார்கள். விசுவாசத்தில் நாம் தவறுவது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான்.

பரம்பரையாக வந்ததே போதும் என்று இருந்துவிடாதீர்கள். மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் 1798இல் தஞ்சாவூரில் இறந்தார், அவர் காலத்திலிருந்தே நாங்கள் சபையில் இருக்கிறோம் என்று சொல்லும் குடும்பங்கள் இங்கே உண்டு. பெருமைதான். ஆனால் அப்பா பேரில் இருக்கும் பட்டாவை மாற்றி வாங்குவதுபோல விசுவாசத்தை மாற்றி வாங்க முடியாது. கடவுள் ஒருவர் என்று பிசாசுகளும் நம்பி நடுங்குகின்றன என்று வேதாகமத்தில் யாக்கோபு எழுதுகிறார், ஆக வெறுமனே நம்புகிறேன் என்பது பழக்கம் ஆகிவிடாது.

அடுத்தது பேரம். வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி வெறுங்காலோடு நடப்பவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன், அந்த நடையில் அன்பு இருக்கிறது. கேட்டது கிடைத்தால் மெழுகுவர்த்தி, கிடைக்காவிட்டால் இனி கோயில் பக்கமே வரமாட்டேன் என்று கணக்கு வைப்பதைத்தான் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையைக் கடந்தது. பேராவூரணிப் பக்கம் என் அத்தையின் தோப்பில் ஒரு மரம்கூட நிற்கவில்லை. நான் போனபோது விழுந்து கிடந்த தென்னையின் மேல் உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இயேசப்பா, இருவது வருசம் வளத்த மரம், ஏன் இப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆள் இருந்தால் எப்படிக் கேட்பாரோ அப்படி. எனக்குத் திக்கென்றது, கடவுளிடம் இப்படிக் கேட்கலாமா என்று. அப்புறம் வேதாகமத்தில் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாமல் இருக்கிறீரே என்றுதான் அந்தப் புத்தகம் தொடங்குகிறது. அதே மனிதர்தான் மூன்றாம் அதிகாரத்தில், வயல் விளையாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார். வருத்தத்தை மறைத்து ஸ்தோத்திரம் மட்டும் சொல்வதுதான் விசுவாசம் என்று நினைப்பதும் தவறு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜெபக் கூட்டத்தில் கண்ணீர் வந்தால் கடவுள் அருகில், வராவிட்டால் தூரம் என்றும் அளக்காதீர்கள். உணர்வு வரும், போகும்.

ஜெபத்துக்கென்று பிரசங்கத் தமிழை இரவல் வாங்காதீர்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்க் ஐயர், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. நம் மொழியில் கடவுளோடு பேச வேண்டும் என்றுதானே அத்தனை பாடு? "தேவரீர்" வராவிட்டால் "அப்பா" போதும்.

அத்தை மறுபடி தென்னம்பிள்ளை வைத்தார். சாயங்காலம் தண்ணீர் விட்டுக்கொண்டே, எந்தக் கன்று பாளை விட்டிருக்கிறது என்பதுவரை இயேசப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.