கரை ஒதுங்கும் உடலுக்குப் பெயர் தேடும் முறை

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எடுத்துவிட்டால், நம் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி இழுக்கும். மாசி, பங்குனியில் அதுவே வடக்கு நோக்கித் திரும்பிவிடும். மயிலாடுதுறை மாவட்டத்துப் பழையாறு துறைமுகத்துக்கு நேரே கடலில் தவறி விழுந்தவரின் உடல் முதலில் மூழ்கி, இரண்டு மூன்று நாளில் ஊதி மேலே வந்து, தரங்கம்பாடியையும் காரைக்காலையும் கடந்து வேளாங்கண்ணியிலோ புஷ்பவனத்திலோ ஒதுங்கக்கூடும். அங்கே அவரை எவருக்கும் தெரியாமல் போவது இயல்பு. அவர் ஒடிசாவிலிருந்தோ ஆந்திரத்திலிருந்தோ வங்கத்திலிருந்தோ வந்து விசைப்படகில் கூலிக்கு ஏறியவராக இருந்தால், ஏறிய துறைமுகத்திலேயே அவருடைய முழுப்பெயர் தெரிந்தவர் இருப்பது அரிது. ஆனாலும் பெயரைக் கண்டுபிடிக்க முடியும். அதற்கு வேண்டியதில் பாதி, உடல் கிடந்த இடத்தில் முதல் ஒரு மணி நேரத்தில் நாம் பார்த்துக் குறித்துக்கொள்வது. மறுபாதி, படகு புறப்படும் முன்பே கரையில் எழுதி வைத்திருக்க வேண்டியது.

உடலைக் கண்டவர் முதலில் 112க்கோ, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093க்கோ பேச வேண்டும். கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் உடனே சொல்லிவிட வேண்டும். அலை மறுபடி இழுத்துப் போய்விடும் என்றால் மட்டும், கிடந்த நிலையைப் படம் எடுத்துக்கொண்டபின், கையுறை அணிந்து, நீர் தொடாத இடம்வரை நகர்த்தலாம். இறந்த உடலால் ஊருக்குத் தொற்றுநோய் பரவும் என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை. அந்த அச்சத்தால் அவசரமாகக் குழி தோண்டுவதுதான் பெருந்தவறு. முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுவதும் கூடாது. பிள்ளைகள் கையில் இருக்கும் கைபேசியில் தகப்பனின் முகம் அந்தக் கோலத்தில் வந்து விழுவதை நினைத்துப் பார்த்தாலே காரணம் விளங்கும்.

முகம் உண்மையில் உதவுவதும் இல்லை. சில நாள் கடலில் கிடந்த உடலில் முகம் வீங்கி, மீனும் நண்டும் கடித்து உருமாறியிருக்கும், நிறம் கறுத்துவிடும், கையின் தோல் கையுறை போலக் கழன்றுவிடும். அதனால் மாறாதவற்றைத் தேடுங்கள். பச்சை குத்தியிருந்தால் அது எந்த மொழி எழுத்து, என்ன உருவம், எந்தக் கை. பல்லில் இடைவெளியோ அடைத்த பல்லோ உண்டா. பழைய அறுவைத் தழும்பு, மடங்கிய விரல், அரைஞாண் கயிற்றின் நிறம், அதில் கோத்த தாயத்து, கழுத்து ஜெபமாலை, சட்டைக் காலரில் தையற்காரர் தைத்த துணிப்பட்டை, உள்ளாடையின் பெயர்ச்சீட்டு, பையில் நனைந்து ஒட்டிப்போன காகிதம். எங்கள் ஊருக்குத் தெற்கே ஒதுங்கிய ஒருவரின் அரைஞாணில் சிறு பித்தளைச் சாவி ஒன்று முடிந்திருந்தது. எல்லோரும் பார்த்தோம், எவரும் எழுதி வைக்கவில்லை. ஒரு துறைமுக அறையில் அந்தச் சாவிக்குரிய தகரப்பெட்டி பூட்டியபடியே கிடந்திருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஆகவே, எதையும் கழற்றாமல், ஒவ்வொன்றையும் அருகில் ஓர் அளவுகோலோ நாணயமோ வைத்துப் படமெடுத்து, நேரம், இடம், அன்றைய காற்று, நீரோட்டத் திசை ஆகியவற்றோடு காவல் நிலையத்தில் கொடுங்கள்.

காவல்துறை இதைப் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின்கீழ் மரண விசாரணையாக எடுத்துக்கொள்ளும். நம் கரைக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே உண்டு. மயிலாடுதுறை மாவட்டக் கரை முடிந்ததும் காரைக்கால் வருகிறது. அது புதுச்சேரி அரசின் காவல் எல்லை. அதைத் தாண்டினால் மறுபடி தமிழகத்து நாகூர். ஒரு கரையில் காணாமல் போனவர் மறு கரையில் 'அடையாளம் தெரியாத ஆண் உடல்' என்று பதிவாகி, இரண்டு தாளும் ஒன்றையொன்று சந்திக்காமல் போவதற்கு இந்த எல்லைகளே போதும். எனவே விவரத்தை, நாடு முழுவதும் உள்ள காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். என்ற கணினி வலையமைப்பில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். பழையாறு முதல் கோடியக்கரை வரையுள்ள பஞ்சாயத்தார்களுக்குப் பொருள்களின் படத்தை மட்டும் அனுப்புங்கள். விரல்ரேகையை வைத்து ஆதாரில் பெயர் பார்த்துவிடலாம் என்று பலர் நம்பிக் காத்திருக்கிறார்கள். ஆதார் சட்டம் அந்தத் தரவைப் பகிர இடம் தருவதில்லை.

உரியவர் வரவில்லை என்றால் எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும். அதற்கு முன் மரபணுச் சோதனைக்குப் பல்லோ தொடை எலும்போ எடுத்து வைக்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும்; புதைத்த இடத்தில் வழக்கு எண் பொறித்த கல் நட வேண்டும். 2004 சுனாமியில் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பலரை அடையாளம் காணாமலே ஒரே குழியில் சேர்த்துப் புதைக்க நேர்ந்தது. ஒரே ஒருவர் ஒதுங்கும் நாளில் அப்படிச் செய்ய எந்தக் காரணமும் இல்லை.

இனி, படகு புறப்படும் முன் செய்ய வேண்டியது. வெளியூர்த் தொழிலாளி முன்பணம் வாங்கிய கடனோடு, தரகர் வழியாக, பெரும்பாலும் சின்னப் பெயரோடு மட்டும் படகேறுகிறார். இரவில் வலை இழுக்கும்போது விஞ்சில், அதாவது கயிறு சுற்றும் இயந்திர உருளையில், கயிறு கைகாலைச் சுற்றிக்கொள்வது, தூக்கக் கலக்கத்தில் ஓரத்திலிருந்து விழுவது, சரக்குக் கப்பல் மோதுவது ஆகியவை அவருக்குள்ள ஆபத்துகள். மீன் அழுகிக் கழிவுநீர் தேங்கிய கீழறையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு சேர்ந்திருக்கும். இறங்கியவர் மயங்கிவிழ, தூக்கப் போனவரும் சாகிறார். மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விடாமல் எவரையும் இறங்கச் சொல்லக் கூடாது. இந்த எச்சரிக்கையை அவருடைய மொழியிலேயே சொல்ல வேண்டும். உயிர்காப்பு உடை படகில் அடுக்கி வைப்பதற்கல்ல, இரவில் உடம்பில் இருப்பதற்கு.

கடலுக்குப் போக மீன்வளத் துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கும் அன்றே, ஏறுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதுங்கள்: முழுப்பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், காவல் நிலையம், வீட்டில் உள்ள இருவரின் தொலைபேசி எண், தழும்பு, பச்சை, நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம், சிரித்தபடி பல் தெரிய ஒரு படம். ஒரு படி உரிமையாளரிடமும் ஒரு படி பஞ்சாயத்திலும் இருக்கட்டும். கடைசி நேரத்தில் ஆள் மாறினால் தாளும் மாற வேண்டும். அரசின் மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கு 5 லட்சம் ரூபாய் உண்டு. பெயரற்ற உடலுக்கு அது கிடைக்காது.

நம்மவர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போய்ப் படகேறுகிறார்கள். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் பேப்பூர்ப் படகின் மீது சரக்குக் கப்பல் மோதியபோது, அதில் தமிழகத்தாரும் வங்கத்தாரும் இருந்தார்கள். அங்கே போனவரிடமிருந்து தகவல் நின்றால், இங்குள்ள காவல் நிலையத்திலேயே எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். உடல் கிடைக்காவிட்டால், இறந்தவராகச் சட்டம் கருதப் பொதுவாக ஏழு ஆண்டு ஆகும். அதனால் பெற்றோரோ பிள்ளையோ மரபணு மாதிரி தரத் தயங்கக் கூடாது.

உரியவர்கள் தேடி வரும் நாளில், தாயிடமோ மனைவியிடமோ முகப்படத்தை முதலில் நீட்டாதீர்கள். கயிறு, சட்டை, தாயத்து ஆகியவற்றின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். அவர்கள் மொழி பேசும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐஸ் கம்பெனியிலோ படகுத் துறையிலோ கேட்டால் அப்படி ஒருவர் கிடைப்பார்.