மாதவிடாய் எப்போது நின்றது என்று கேட்பது எப்படி?

பெண்களுக்கு வரும் இதயநோய், சர்க்கரை நோய், மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றை முன்கூட்டியே தடுக்க முடியுமா என்று ஆராய்வதுதான் என் தொழில். இந்தத் துறைக்கு வரும் இளையவர்கள் எந்தப் புள்ளியியல் மென்பொருளைக் கற்பது என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அது சில மாதங்களில் வந்துவிடும். கேள்வி கேட்கப் பழகத்தான் எனக்குப் பத்து வருடம் பிடித்தது.

என் முதல் வினாப்படிவத்தில் "மாதவிடாய் நின்றபோது உங்கள் வயது என்ன?" என்று ஒரே வரி இருந்தது. ஒருவர் 38 என்று எழுதியிருந்தார். இளவயதில் நின்றவர்களுக்கு இதயநோயும் எலும்பு அடர்த்திக் குறைவும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவரைத் தனிப் பட்டியலில் சேர்த்தேன். வேறு ஏதோ சந்தேகத்துக்காகத் தொலைபேசியில் அழைத்தபோது, "கட்டி என்று கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்களே, அதோடு நின்றது" என்றார். சினைப்பைகள் இரண்டும் அப்படியே இருந்தன. நின்றது ரத்தப்போக்கு மட்டும். சினைப்பைகளில் ஹார்மோன் சுரந்துகொண்டுதான் இருந்திருக்கும். படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் "ஆபரேஷன்" என்று எழுதியிருந்தார். கணினியில் ஏற்றியவருக்கு அந்தச் சொல்லைப் போட நான் கட்டம் வைத்திருக்கவில்லை.

ஆகவே அந்த ஒரு வரியைப் பிரியுங்கள். கடந்த 12 மாதங்களில் மாதவிடாய் வந்ததா? இல்லையென்றால், தானாக நின்றதா, அறுவை சிகிச்சையாலா, மருந்தாலோ கதிர்வீச்சாலோ நின்றதா? அறுவை என்றால் கர்ப்பப்பை மட்டுமா, சினைப்பையுமா, அதில் ஒன்றா இரண்டுமா? ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? (மாத்திரையால் வரும் ரத்தப்போக்கையும் மாதவிடாய் என்றே எழுதுவார்கள்.) "தெரியாது" என்றும் ஒரு கட்டம் வேண்டும். எதை எடுத்தார்கள் என்று யாரும் விளக்காமலே வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். கட்டம் இல்லாவிட்டால் ஊகித்து எழுதுவார்கள்.

பிற ஆய்வுகளின் படிவத்தை அப்படியே எடுத்தாளாதீர்கள். அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய செவிலியர் உடல்நல ஆய்வில் 30 முதல் 55 வயதுவரையிலான சுமார் 1,21,700 செவிலியர்கள் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை படிவம் போனது. மருத்துவச் சொற்கள் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. உங்கள் படிவத்தை நிரப்பப்போகிறவர்கள் ஐந்தாறு பேரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தயங்கும் இடத்தில் கேள்வியை மாற்றுங்கள்.

எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் ஒரு பொறி உண்டு. மாதவிடாய் நின்றபின் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று கூர்நோக்கு ஆய்வுகள் (யாருக்கும் மாத்திரை கொடுக்காமல், தாமாகச் சாப்பிடுகிறவர்களைக் கவனித்து மட்டும் எழுதுபவை) பல காட்டின. மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர்கள் ஏற்கெனவே வசதியும் உடல்நல அக்கறையும் கூடியவர்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையைச் சோதித்த ஆய்வு 2002இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அதில் இதயநோய் குறையவில்லை, கூடியிருந்தது. ஆகவே மாத்திரை தொடங்குவதற்கு முன்பிருந்த புகைப்பழக்கம், எடை, படிப்பு, வருமானம் எல்லாவற்றையும் கேட்டு வையுங்கள்.

முடிவை எழுதும்போது இரண்டு எண்களையும் கொடுங்கள். அதே ஆய்வில் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது என்பது தலைப்புச் செய்தி. ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் 30 பேருக்கு வந்த நோய், மாத்திரை சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு வந்தது என்பதும் அதே கணக்குதான். உங்கள் ஆய்வில் பங்கேற்ற பெண்களுக்கு அனுப்பும் கடிதத்தில் இரண்டாவதை முதலில் எழுதுங்கள்.