ஸ்டிக்கைத் தொடாமலே வெட்டித் திரும்பிய ரோபோ கார்

ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டில் ஓடும் என் ரிமோட் கார், ரிமோட்டின் ஸ்டிக்கைத் தொடாமல் இருக்கும்போதே திடீரென ஒரு பக்கம் வெட்டித் திரும்பும். உடனே நேராகிவிடும். பேட்டரி, வயர், ரிசீவர் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. ஒன்றும் தேறவில்லை.

அப்புறம், ரிசீவர் அனுப்பும் ஸ்டியரிங் பல்ஸின் நீளத்தை மைக்ரோ விநாடியில் அளந்து, கம்ப்யூட்டர் திரையில் தெரியும் சீரியல் மானிட்டரில் அச்சிட்டேன். 1532, 1536, 1532 என்று அமைதியாக வந்துகொண்டிருந்தது. நடுவில் திடீரென ஒரு 1788. கொஞ்சம் கழித்து ஒரு 1280. ரேடியோ இரைச்சல் என்றால் கண்டபடி எண்கள் வரும். இங்கே அந்த இரண்டேதான் திரும்பத் திரும்ப வந்தன. அதுதான் துப்பு.

பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) எழுதினால் 1532 என்பது 05எஃப்சி, 1536 என்பது 0600. ஊனோவின் சிப் 8 பிட். 16 பிட் எண்ணை அது இரண்டு தடவையாகத்தான் படிக்கும். கீழ் பாதியில் எஃப்சியைப் படித்த கையோடு இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைநிறுத்தி, புது பல்ஸ் அளவை எழுதும் குறுக்கீடு) வந்து எண்ணை மாற்றிவிட்டால், மேல் பாதி 06 ஆகிவிடும். சேர்த்தால் 06எஃப்சி, அதாவது 1788! எதிர்த்திசையில் மாறினால் 0500, அதாவது 1280.

அந்த எண்ணை வைத்திருக்கும் மாறியில் (வேரியபிள்) வோலட்டைல் என்ற குறிச்சொல் போட்டிருந்தது. ஆனால் அது ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்து படிக்க வைக்குமே தவிர, நடுவில் குறுக்கீட்டைத் தடுக்காது. அதனால் இன்டரப்டை நிறுத்தி, எண்ணை வேறொரு மாறியில் நகலெடுத்து, உடனே இன்டரப்டைத் திறந்துவிட்டேன். கணக்கெல்லாம் நகலை வைத்துத்தான். அந்த இடைவெளி மிகச் சிறிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல்ஸ் அளவே பிசகும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் சேனலுக்கும் இதையே செய்தேன். கார் இப்போது நேராக ஓடுகிறது.