விஸ்க்னா விசுக்குனு அடிக்கிறது, விஸ்கி இல்லம்மா

தென்னாப்பிரிக்காவுல இருக்கிற டர்பன் ஊருக்கு வந்த புதுசுல அம்மாவுக்கு போன் பண்ணி, இங்க எல்லாரும் கேக் பண்றாங்கம்மா, நானும் ஒரு விஸ்க் வாங்கணும்னு சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் மெதுவா "ஏன்டி, மாப்பிள்ளைக்கா?"ன்னு கேட்டாங்க. அவங்க காதுல விழுந்தது விஸ்கி, நான் சொன்னது முட்டை, மாவெல்லாம் அடிக்கிற கம்பிச் சாமான்.

ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. விஸ்கி, அயர்லாந்து ஸ்காட்லாந்து பக்கத்து கேலிக் பாஷையில 'உயிர்த் தண்ணி'ன்னு அர்த்தம் வர்ற வார்த்தையிலேர்ந்து வந்தது. விஸ்க் வடக்கு ஐரோப்பா பக்கத்து பழைய நார்ஸ் வார்த்தை, கைப்பிடி அளவு வைக்கோலைச் சேர்த்துக் கட்டினா வருமே அந்தக் கத்தைக்குப் பேர். அந்தக் கத்தையை வெச்சு தூசி தட்டினாங்க, ஈ ஓட்டினாங்க, அப்புறம் அதே மாதிரி குச்சிக் கட்டை வெச்சு முட்டை அடிச்சாங்க. பூனை மீசைக்குச் சொல்ற விஸ்கர் கூட இதே குடும்பம்தான்.

அர்த்தம் குழப்பினா நான் பண்றது இது: நம்ம 'விசுக்குனு'வை நினைச்சுக்கோங்க. விசுக்குனு எந்திரிச்சுப் போயிட்டா, விசுக் விசுக்குனு நடக்கிறான்னு சொல்றோம்ல. சத்தம் ஒத்துப்போறது சும்மா தற்செயல்தான், ஆனா பொருத்தம் அசத்தல், ஏன்னா விஸ்க்னு எங்க வந்தாலும் லேசா, வேகமா, சட்டுனு நடக்கிற ஒரு அசைவு அதுல இருக்கும். மாடு வாலால ஈயை விரட்டினா அது விஸ்க். ஹோட்டல்ல நீங்க கடைசி வாயை முழுங்கறதுக்குள்ள தட்டைத் தூக்கிட்டுப் போனா அதுவும் விஸ்க். மந்திரியை பத்திரிகைக்காரங்க கேள்வி கேக்கறதுக்குள்ள கார்ல ஏத்திட்டுப் போயிட்டாங்கன்னு பேப்பர்ல வந்தா அங்கயும் இதே வார்த்தைதான் இருக்கும்.

சரி, சமையலுக்கு வருவோம், அங்கதான் நான் வசமா மாட்டினேன். ரெசிப்பில முட்டையும் சர்க்கரையும் விஸ்க் பண்ணுங்கன்னு இருந்துச்சு, நான் கலக்குறதுதானேன்னு கரண்டியை எடுத்து ரெண்டு சுத்து சுத்தி மாவைக் கொட்டி அவன்ல வெச்சுட்டேன், வெளிய வந்தது கேக் இல்ல, இனிப்பு அடை. பக்கத்து வீட்டு ஆயா பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல, கொஞ்சம் பிட்டு வாயில போட்டு மென்னுட்டே இருந்தாங்க, மென்னுட்டே இருந்தாங்க. அப்புறம், "காத்து போகலமா உள்ள"ன்னாங்க.

அவ்வளவுதான் விஷயம். கலக்குனா ரெண்டு பொருள் சேரும், விஸ்க் பண்ணா சேர்றதோட காத்தும் உள்ள போகும். காபிய ஆத்துறப்போ நுரை வருதுல்ல, அதே வேலை. நம்ம பாஷையில இதுக்கு ஒரே வார்த்தை தேடாதீங்க, முட்டைன்னா அடிக்கிறது, மாவுன்னா கட்டி இல்லாம கரைக்கிறது, க்ரீம்னா நுரைக்க அடிக்கிறது. மத்து இருக்கே அது போதாதான்னு கேப்பீங்க. மோர் கடைய மத்தை மிஞ்ச ஆள் கிடையாது, ஆனா அதோட தலை கனம். விஸ்க்ல மெல்லிசு மெல்லிசா நெறைய கம்பி இருக்கு, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா கிழிச்சுட்டுப் போகும், அதனாலதான் முட்டை வெள்ளை அவ்வளவு சீக்கிரம் நுரைக்குது.

வாங்குறப்போ பலூன் மாதிரி உப்பலா இருக்கிறதை ஒண்ணு வாங்குங்க, முக்கால்வாசி வேலைக்கு அது போதும். தட்டையா ஒண்ணு வரும், அது சட்டியோட ஓரத்துல ஒட்டுற குழம்பு, ஒயிட் சாஸுக்கு. கரண்ட்ல ஓடுற பீட்டர் எங்கிட்டயும் இருக்கு, ஆனா 2023ல லோட்ஷெடிங், அதான் முறை வெச்சு கரண்டை நிறுத்துறது, பாடாப்படுத்துச்சே, பாதி அடிச்சுட்டு இருக்கும்போதே போயிடும், அப்ப காப்பாத்துனது கை விஸ்க்தான்.

பாத்திரத்துக்கு அடியில ஈரத்துணி மடிச்சுப் போட்டுக்கோங்க, நகராது. தோளை ஆட்டாதீங்க, மணிக்கட்டு மட்டும் ஆடணும், இல்லன்னா ரெண்டு நிமிஷத்துல கை விட்டுப்போயிடும். முட்டை வெள்ளைன்னா பாத்திரத்துல துளி எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது, மஞ்சக்கரு ஒரு சொட்டு விழுந்தாலும் நுரை சரியா நிக்காது, பிளாஸ்டிக் கிண்ணம் எவ்வளவு கழுவினாலும் பிசுக்கு விடாது அதனால எவர்சில்வர் எடுங்க. மஞ்சளையும் வெள்ளையையும் ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே பிரிங்க, அப்ப பிரிக்கிறது சுலபம், ஆனா கொஞ்ச நேரம் வெளிய வெச்சுட்டு அடிங்க. நுரை கட்டினதும் கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரை போடுங்க, விஸ்க்கைத் தூக்கினா நுனி கொம்பு மாதிரி நிக்கணும், நின்னாச்சா நிறுத்திடுங்க. இன்னும் கொஞ்சம்னு ஆசைப்பட்டா திரிதிரியா ஆகி தண்ணி விட்டுடும். க்ரீம் இதுக்கு நேர்மாறு, நல்லா ஜில்லுனு இருக்கும்போதே அடிக்கணும், அளவு தாண்டினா வெண்ணெய் வந்துடும், அதுக்கு நாம அழ வேண்டாம், நெய் காய்ச்சிக்கலாம்.

கேக்குக்கு மாவு போட்டதுக்கப்புறம் மட்டும் விஸ்க்கை ஓரமா வெச்சுடுங்க. ஒரு கரண்டியால கீழேர்ந்து மேல மடிச்சு மடிச்சு சேர்க்கணும், அங்க போய் வேகம் காட்டினா கேக் ரப்பர்.

கேக்கே வேண்டாம்னாலும் இது நம்ம சமையலுக்கு உதவும். இங்க ஆடி மாசம் மாரியம்மனுக்கு கூழ் ஊத்துறதை போரிட்ஜ் பிரேயர்ஸ்னுதான் சொல்லுவாங்க, கேழ்வரகுக்கு பதிலா மீலி மீல், அதாவது மக்காச்சோள மாவு. காய்ஞ்ச மாவை நேரா கொதிக்கிற தண்ணில போட்டா வெளிப்பக்கம் மட்டும் வெந்து ஒட்டிக்கும், உள்ள பச்சை மாவு மாட்டிக்கும், அதான் கட்டி. முதல்ல பச்சைத் தண்ணில விஸ்க் வெச்சு கரைச்சு, அப்புறம் கொதிக்கிறதுல ஊத்தி, ஊத்திக்கிட்டே அடிங்க. மோர்க்குழம்புக்கு நான் இந்த ஊர் ஜூலு இனத்து ஆளுங்களோட மாஸ் வாங்குறேன், கெட்டியான புளிச்ச பால் அது, அதுல கடலை மாவு போட்டு ஒரு நிமிஷம் அடிச்சா போதும், அப்புறம் அடுப்புல வெச்சா திரியாது.

துணில, கார் சீட்ல தூசி தட்டுற குட்டை விளக்குமாறுக்கும் விஸ்க்னு பேர் உண்டு. அது செய்யறதுக்குன்னே ஒரு வகை சோளத்தை வளர்க்கிறாங்க, கதிரோட நீள நார்தான் துடைப்பம் ஆகுது. கடையில போய் வெறும் விஸ்க்னு கேக்காம எதுக்குன்னு சொல்லிடுங்க.

ஈ ஓட்டுற விஸ்க்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. டர்பன்ல வார்விக் பக்கம் மூலிகை மார்க்கெட்ல முதல் தடவை சங்கோமா, அதாவது இங்கத்து பாரம்பரிய வைத்தியர், ஒருத்தங்க மாட்டு வால் முடியைப் பிடி போட்டு கையில வெச்சிருந்ததைப் பார்த்தேன், இஷோபான்னு சொன்னாங்க. எனக்கு சட்டுனு கோயில்ல சாமிக்கு வீசுற சாமரம் ஞாபகம் வந்துச்சு. அதுவும் வால் முடிதான், கவரிமாவோடது, கவரிமா மான்கூட இல்ல, இமயமலைப் பக்கத்து மாட்டு ஜாதி. கென்யாவோட முதல் ஜனாதிபதி ஜோமோ கென்யாட்டா போட்டோ பாருங்க, நெறைய படத்துல கையில இது இருக்கும். ஈ ஓட்ட வந்த சாமான் எப்படியோ நெறைய ஊர்ல ராஜா கைக்கும் சாமி பக்கத்துக்கும் போயிடுச்சு. அதனால கதை படிக்கிறப்போ ஒரு தலைவர் விஸ்க்கோட வந்து உக்காந்தார்னு இருந்தா முட்டை அடிக்க வந்துட்டார்னு நினைச்சுடாதீங்க.

கழுவுறப்போ கம்பியெல்லாம் பிடியில சேர்ற இடத்துலதான் மாவு ஒளிஞ்சுக்கும். சோப்புத் தண்ணில விட்டு அடிக்கிற மாதிரியே நாலு சுத்து அடிங்க, அப்புறம் தலைகீழா தொங்க விடுங்க. அம்மாவுக்கு போன தடவை ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். மத்து இருக்கும்போது இது எதுக்குடின்னுதான் முதல்ல கேட்டாங்க, இப்ப தோசைக்கல்லுக்குப் பக்கத்து ஆணில தொங்குது, ரவா தோசைக்கு மாவு கரைக்க மட்டும் கீழ எறங்கும்.