கொழுந்து நிறையும் மழையும்: சார்ட்.ஜேஎஸ் கொண்டு சிதறல் வரைபு அமைக்கும் முறை

தேயிலைத் தோட்டங்களில் பறிக்கும் கொழுந்தின் கணக்கை மாதச் சராசரியாகச் சுருக்கிக் காட்டும் அட்டவணைகள் இலங்கையின் மலையகத்தில் எல்லோருக்கும் பழக்கமானவை. ஒருவர் ஒரு நாள் 12 கிலோவும் மறுநாள் 26 கிலோவும் பறித்திருந்தால் சராசரி 19 என்று வந்துவிடும்; அவருக்கு அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்த நாள் அந்த எண்ணுக்குள் மறைந்து போகும். ஒவ்வொரு நாளையும் தனிப் புள்ளியாக நிறுத்திக் காட்ட வேண்டுமானால் சிதறல் வரைபே பொருத்தமானது. இவ்வழிகாட்டியில், கடந்த 14 நாட்களில் பெய்த மழையைக் கிடையச்சிலும், ஒருவர் அன்று நிறுத்த கொழுந்தை நிலைக்குத்தச்சிலும் வைத்து, சார்ட்.ஜேஎஸ் என்னும் இலவச நூலகத்தால் அத்தகைய வரைபை இணையப் பக்கமொன்றில் அமைக்கும் விதத்தை விளக்குகிறேன். அமைப்புகளின் பெயர்களை ஒலிப்பில் தருகிறேன்; நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில், இடைவெளியின்றி, இரண்டாம் சொல் முதல் ஒவ்வொரு சொல்லும் தொடங்கும் எழுத்தைப் பெரிதாக்கி எழுத வேண்டும்.

முதலில் பதிப்பைப் பாருங்கள். 2021இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலிருந்து அச்சுகளை எழுதும் முறை மாறிவிட்டது. முன்பு 'எக்ஸ் ஆக்ஸஸ்' என்ற அணிக்குள் (அரே) எழுதியவற்றை இப்போது 'ஸ்கேல்ஸ்' என்பதன் கீழ் 'எக்ஸ்', 'வை' என்ற இரண்டு பொருள்களாக (ஆப்ஜெக்ட்) எழுத வேண்டும். பழைய குறிப்பொன்றைப் பார்த்து எழுதினால் வரைபு தோன்றும், ஆனால் நீங்கள் இட்ட அச்சு அமைப்புகள் செயற்படமாட்டா. எங்கே தவறென்று புரியாமல் பலர் நேரத்தை இழப்பது இந்த இடத்தில்தான்.

அடுத்து, வரைபின் வகையை 'ஸ்கேட்டர்' என்றே குறிப்பிட வேண்டும். கோட்டு வரைபை எடுத்துக் கோட்டை மட்டும் மறைத்துவிட்டால் போதும் என்று தோன்றலாம். ஆனால் கோட்டு வரைபின் கிடையச்சு, வேறாகச் சொல்லாவிட்டால், பெறுமானங்களைப் பெயர்களாகக் கருதிச் சம இடைவெளியில் அடுக்கிவிடும். 5 மில்லிமீற்றருக்கும் 10 மில்லிமீற்றருக்கும் இடையில் எவ்வளவு தூரமோ, அதே தூரம் 10க்கும் 140க்கும் இடையிலும் வந்து நிற்கும். ஸ்கேட்டர் வகையில் இரண்டு அச்சுகளும் எண்ணச்சுகளாகவே இருப்பதால் அந்தச் சிக்கல் எழுவதில்லை.

தரவைத் தரும் முறையில்தான் மிகுந்த கவனம் தேவை. ஒவ்வொரு புள்ளியும் 'எக்ஸ்', 'வை' என்னும் இரண்டு பெறுமானங்களைக் கொண்ட ஒரு பொருளாக இருக்க வேண்டும். அப்பொருள்கள் அனைத்தும் ஓர் அணியில் அமைய வேண்டும். தொழிலாளரின் அன்றாட வேலைப் பதிவேடான செக்ரோலிலிருந்து தட்டச்சு செய்த விரிதாளை அப்படியே ஏற்றினால் மூன்று பிழைகள் நேரும். '45 மி.மீ.' என்று அலகுடன் எழுதிய கட்டத்தை நூலகத்தால் எண்ணாக வாசிக்க முடியாது; அந்தப் புள்ளி சத்தமின்றி விடுபட்டுப்போகும். '1,200' என்று காற்புள்ளியுடன் எழுதிய எண்ணுக்கும் அதே கதிதான். மூன்றாவது பிழை இவை இரண்டையும்விட மோசமானது: வெற்றுக் கட்டம் வெற்றுச் சரமாக (ஸ்ட்ரிங்) வந்தால் அது பூச்சியமாக மாறிவிடும். வேலைக்கே வராத ஒருவர், வந்து ஒரு கிலோகூடப் பறிக்காதவராக வரைபின் அடியில் நிற்பார். இது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம். ஆகவே வெற்றுக் கட்டங்களை நீக்கிவிட்டே தரவை அனுப்புங்கள். அத்துடன், சாக்கின் எடைக்கும் ஈரத்துக்கும் கழிப்பதற்கு முன்னுள்ள நிறையா, கழித்த பின்னுள்ள நிறையா என்பதை முதலிலேயே முடிவு செய்து, எல்லா நாட்களுக்கும் ஒன்றையே பயன்படுத்துங்கள்.

அச்சுகளுக்குத் தலைப்பு தானாக வராது. 'டைட்டில்' என்பதன் கீழ் 'டிஸ்ப்ளே' அமைப்பை உண்மையென்று (ட்ரூ) வைத்து, 'டெக்ஸ்ட்' இடத்தில் 'முந்திய 14 நாள் மழை (மி.மீ.)' என்று அலகுடன் எழுத வேண்டும். எல்லையை வகுக்க 'மின்', 'மாக்ஸ்' என்ற இரண்டும் உள்ளன. ஆனால் அவற்றுக்கு வெளியே விழும் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். 'சஜஸ்டட் மின்', 'சஜஸ்டட் மாக்ஸ்' என்பவை அச்சை விரிக்குமேயன்றி எதையும் வெட்டாதலால், பொதுவாக இவற்றையே பரிந்துரைப்பேன். இரண்டு தோட்டங்களின் வரைபுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது மட்டும், எல்லாப் புள்ளிகளும் அடங்கும் ஒரே எல்லையை இரண்டுக்கும் கண்டிப்பாக இடுங்கள்.

மலையகத்தின் இரண்டு சரிவுகளையும் ஒரே நிறத்தில் கலக்கக் கூடாது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று அட்டன், தலவாக்கலைப் பக்கத்தை நனைக்கும்போது, பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் யூலை, ஆகஸ்ட் மாதங்களில் காய்ந்த காற்று வீசும். எனவே அட்டன், தலவாக்கலை அடங்கிய திம்புளைப் பக்கத்துக்கு ஒரு தரவுத்தொகுதி, பதுளை, பண்டாரவளை அடங்கிய ஊவாப் பக்கத்துக்கு மற்றொன்று எனப் பிரித்து, 'பாயிண்ட் ஸ்டைல்' அமைப்பில் ஒன்றுக்கு வட்டமும் மற்றதற்கு முக்கோணமும் கொடுங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும், நிறம் பிரித்தறிய முடியாதவர் பார்த்தாலும் வடிவம் காட்டிக்கொடுக்கும்.

இந்தத் தரவுக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. ஒரே நாளில் ஒரே மலையில் (தோட்டத்தின் ஒரே பகுதியில்) பறித்த எல்லோருக்கும் மழை அளவு ஒன்றே. நிறையும் முழுக் கிலோவில் எழுதப்படுகிறது. ஆகவே ஆறு பேரின் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே புள்ளியாகத் தெரியும். இதைத் தவிர்க்க, 'பாக்கிரவுண்ட் கலர்' நிறத்தில் ஒளிபுகாமையை 0.3 அளவுக்குக் குறையுங்கள். பலர் சேர்ந்த இடம் அடர்ந்தும் ஒருவர் நின்ற இடம் வெளிறியும் தோன்றும். புள்ளிகளைச் சற்றே இடம் மாற்றிச் சிதறவிடும் வழக்கமும் உண்டு. நிறுத்த நிறையை ஒரு கிராமேனும் மாற்றிக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 'பாயிண்ட் ரேடியஸ்' இயல்பாக 3. அதை 5 ஆக்கினால் போதும். கைப்பேசியில் விரலால் தொடுவோருக்காக 'பாயிண்ட் ஹிட் ரேடியஸ்' அளவை 1இலிருந்து 10 ஆக உயர்த்துங்கள்.

ஒரு பேருக்கான (முழு நாள் சம்பளத்துக்கான) நிறை தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். இங்கே 18 கிலோ என வைத்துக்கொள்வோம். அதைக் கோடாகக் காட்ட வேறு செருகுநிரல் வேண்டியதில்லை. மழையின் மிகக் குறைந்த பெறுமானத்தில் ஒன்றும் மிகக் கூடிய பெறுமானத்தில் ஒன்றுமாக, இரண்டிலும் 'வை' 18 ஆக உள்ள இரண்டு புள்ளிகளை மூன்றாவது தொகுதியாகச் சேர்த்து, 'ஷோ லைன்' அமைப்பை உண்மையாக்கி, புள்ளி ஆரையைப் பூச்சியமாக்குங்கள். காய்ந்த வாரங்களில் கோட்டுக்குக் கீழே எத்தனை புள்ளிகள் திரள்கின்றன என்பது அதன் பிறகு ஒரே பார்வையில் தெரியும்.

புள்ளியைத் தொட்டால் இயல்பாக '(45, 18)' என்று இரண்டு எண்கள் மட்டுமே வரும். 'டூல்டிப்' என்பதன் 'கால்பேக்ஸ்' பகுதியில் 'லேபல்' என்ற ஃபங்ஷனை எழுதி, மூலப் பொருளிலுள்ள திகதியையும் மலை இலக்கத்தையும் சேர்த்து ஒரு முழு வரியாக்கலாம்.

தமிழில் எழுதுவோருக்கு எழுத்துரு தனிக் கவலை. வரைபு கன்வஸ் என்னும் பக்கத்தின் வரைபரப்பில் படமாகத் தீட்டப்படுவதால், இணைய எழுத்துரு வந்துசேரும் முன்பே வரைந்துவிட்டால் வேறு எழுத்துருவிலேயே நின்றுவிடும். எழுத்துருக்கள் ஏற்றப்பட்டதை உறுதிசெய்த பின்னரே வரைபை உருவாக்குங்கள். இயல்பான 12 அளவில் கொம்பும் சுழியும் நெருங்கிவிடுவதால் 14 வையுங்கள். சிறு திரையில் வரைபு தட்டையாகாதிருக்க, உயரம் குறித்த தனிப் பெட்டிக்குள் கன்வஸை இட்டு, 'மெயின்டைன் ஆஸ்பெக்ட் ரேஷியோ' அமைப்பைப் பொய்யாக்க (ஃபால்ஸ்) வேண்டும்.

பக்கத்தை வெளியிடும் முன் தரவிலிருந்து தொழிலாளரின் பெயர்களை நீக்குங்கள். டூல்டிப்பில் காட்டாமல் விட்டால் மட்டும் பெயர் மறையாது. உலாவிக்குச் சென்ற தரவு முழுவதையும் பக்கத்தின் மூலத்தைத் திறப்பவர் எவரும் வாசிக்கலாம். பெயருக்குப் பதிலாக, செக்ரோல் இலக்கமும் அல்லாத, நீங்களே இட்ட ஒரு தொடரிலக்கத்தை வைத்து, பெயரோடு அதைப் பொருத்தும் பட்டியலைக் கணினிக்கு வெளியே கையெழுத்துக் கொப்பியில் வைத்திருங்கள்.