பாட்டோடு முடிந்துவிடுவதா ஆராதனை? நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இன்னைக்கு ஆராதனை ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று ஞாயிறு மதியம் வீடு திரும்பும்போது சொல்கிறோம். பெரும்பாலும் பாட்டு நன்றாக இருந்தது என்றுதான் அதற்கு அர்த்தம். கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்து வந்தன, கண்ணீர் வந்தது, மனசு லேசானது. இதில் எதுவும் தவறில்லை. பாடாத சபை வாடிய சபைதான். ஆனால் ஆராதனை என்றாலே அந்தப் பாட்டு நேரம்தான் என்று எண்ணத் தொடங்கினோமே, அதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பல இதிலிருந்தே கிளைவிடுகின்றன.

ரோமர் நிருபம் 12ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், நம் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதையே பவுல் "புத்தியுள்ள ஆராதனை" என்கிறார். அதற்குப் பின் அந்த அதிகாரம் எந்தப் பக்கம் போகிறது என்று பொறுமையாகப் படித்துப் பாருங்கள். அந்நியரை உபசரியுங்கள், அழுகிறவர்களோடு அழுங்கள், ஒருவனுக்கும் தீமைக்குத் தீமை செய்யாதிருங்கள், சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குச் சாப்பாடு கொடுங்கள் என்று போகிறது. சமையலறையும் அலுவலகமும் வாய்க்கால் வரப்பும் அதற்குள் வந்துவிடுகின்றன. பாட்டைப் பற்றி அந்த அதிகாரத்தில் பேச்சே இல்லை.

ஆதிச் சபை இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வட பகுதியில் ரோம ஆளுநராக இருந்த பிளினி, கிறிஸ்தவர்களை விசாரித்துவிட்டுப் பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் போற்றிப் பாடுகிறார்கள் என்று அதில் சொல்கிறார். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறார்: திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், கொடுத்த வாக்கை மீற மாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டோம் என்று அந்தக் கூட்டத்திலேயே உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார்கள். பகைமையோடு விசாரித்த ஓர் அதிகாரியின் கண்ணுக்கே பாட்டும் நாணயமும் ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. நாம்தான் இரண்டையும் பிரித்துவிட்டோம். சனிக்கிழமை கைமாற்றுக் கடனை இழுத்தடித்துவிட்டு, ஞாயிறன்று கை உயர்த்திப் பாட நமக்குக் கூச்சமே இல்லை.

இப்படிப் பிரிப்பது கடவுளுக்கு எவ்வளவு வெறுப்பு என்பதை ஆமோஸ் தீர்க்கதரிசி சொன்ன அளவுக்குக் கடுமையாக வேறு யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. கி.மு. எட்டாம் நூற்றாண்டு, இஸ்ரவேலை ஆண்ட ராஜா இரண்டாம் யெரொபெயாமின் காலம். நாட்டில் பணம் புழங்கியது, வழிபாட்டு ஊரான பெத்தேலில் பலிகளுக்கும் பண்டிகைகளுக்கும் குறைவில்லை. அங்கே போய்த்தான், "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று, உன் வீணைகளின் ஓசையை நான் கேட்கமாட்டேன்" என்ற கர்த்தரின் வார்த்தையைச் சொன்னார் அந்தத் தெக்கோவா ஊர் மந்தை மேய்ப்பர். ராகம் பிசகியதால் வந்த கோபம் இல்லை அது. ஓய்வுநாள் எப்போது முடியும், எப்போது கடையைத் திறந்து மரக்காலைக் குறைத்து விற்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வியாபாரிகளை 8ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். ஏழையை ஒரு ஜோடு செருப்புக்கு வாங்கப் பார்த்தவர்கள் அவர்கள்.

இயேசுவும் இதையே வேறு விதமாகச் சொன்னார். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது, உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் அவனோடு ஒப்புரவாகு என்றார். இதைக் கேட்டவர்கள் கலிலேயாக்காரர்கள். அவர்களுக்குப் பலிபீடம் எருசலேமில் இருந்தது, அதாவது நூறு கிலோமீட்டருக்கும் மேல், பல நாள் நடை. சண்டைக்காரன் ஊரில் இருந்தால், திரும்பி நடந்துபோய், சமாதானமாகி, மறுபடியும் நடந்து வர வேண்டும். சொத்துத் தகராறில் அண்ணனோடு பேச்சை விட்டவர்களும், மருமகளை வார்த்தையால் குத்துகிறவர்களும் இந்த வசனத்தை வேகமாகக் கடந்துபோகிறோம். இன்னொன்றையும் கவனியுங்கள். அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்கிறார். உனக்கு அவன்மேல் இருந்தால் என்று சொல்லவில்லை. "எனக்கு யார்மேலயும் கோபம் இல்லை" என்று சொல்லித் தப்பிக்க இங்கே வழியே இல்லை.

இனி, நம் சபைகளின் ஆழமான காயத்துக்கு வருகிறேன். கொரிந்து சபையில் திருவிருந்து நடந்தது. வசதியுள்ளவர்கள் முன்னதாகவே சாப்பிட்டுவிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். நீங்கள் கூடிவருவது நன்மைக்கேதுவாக இராமல் தீமைக்கேதுவாகிறது என்று பவுல் முகத்துக்கு நேரே எழுதினார். நம் ஊரில் இதே தவறு சாதியாக வந்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழும்பிய கத்தோலிக்கத் திருக்குடும்ப ஆலயம், கால்சட்டையின் இரண்டு கால்கள் போல இரண்டாகப் பிரிந்த கட்டடம். ஒரு சாதியார் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம், நடுவே சுவர், முன்னால் ஒரே பீடம். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்தது தவறு என்று வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். சீர்திருத்தச் சபைகளும் இதில் தப்பவில்லை. இருக்கையிலும் திருவிருந்திலும் சாதி பார்க்கக் கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலர் அதை எதிர்த்துச் சபையை விட்டே விலகினார்கள்.

சுவர் போய்விட்டது, சரி. ஆனால் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் இருக்கும் ஊர்கள் உண்டு. திருமண விளம்பரத்தில் "கிறிஸ்தவ" என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் வருகிறது. ஒரே அப்பத்தில் பங்குபெற்று வெளியே வந்தவுடன், பக்கத்தில் முழங்காலில் நின்றவரின் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கினால், பீடத்தில் நாம் செய்தது என்ன? திருவிருந்துக்கு முன் தன்னைத்தான் சோதித்தறியச் சொல்லும் வசனத்தை, தனிப்பட்ட ரகசியப் பாவங்களை நினைத்துப் பார்க்கும் நேரமாக மட்டும் சுருக்கிக்கொண்டோம். பவுல் அங்கே கொரிந்தியருக்குச் சொன்ன பரிகாரம், ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பது. தென் மாவட்ட ஊர்களில் ஆலயப் பண்டிகையின்போது நடக்கும் அசனத்தில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற இடங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. அந்தப் பந்தியும் ஆராதனைதான்.

காணிக்கையில் வரும் தவறு, அதைக் கடவுளோடு செய்யும் பேரமாக ஆக்குவது. விசா கிடைத்தால் இவ்வளவு, வேலை கிடைத்தால் இவ்வளவு என்று முன்கூட்டியே விலை பேசுகிறோம். கொடுத்தால் பல மடங்காகத் திரும்பும் என்று மேடையிலிருந்து சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதை நம்பிக் கடன் வாங்கிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்" என்கிறார் கர்த்தர், 50ஆம் சங்கீதத்தில். அவருக்கு நம் பணம் தேவைப்படவில்லை. இதற்கு நேர்மாறான தவறு, மிச்சம் மீதியைக் கொடுப்பது. பலிபீடம் கட்டுவதற்கு அரவுனா என்பவர் தன் களத்தை இனாமாகவே தருகிறேன் என்று சொன்னபோதும், இலவசமாய்க் கிடைத்ததைப் பலியிட மாட்டேன் என்று தாவீது ராஜா 50 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினார். 

அப்புறம், ஆராதனையில் எப்போதும் சிரித்த முகம்தான் வேண்டும் என்ற எண்ணம். குழந்தையைப் பறிகொடுத்த தாயிடமும், புற்றுநோய் என்று அப்போதுதான் கேள்விப்பட்டவரிடமும் "ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று அவசரப்படுத்துகிறோம். வேதமோ அவர்களுக்காகவே ஜெபங்களை எழுதி வைத்திருக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறது 13ஆம் சங்கீதம். 88ஆம் சங்கீதமோ ஆறுதல் எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. கடவுளிடம் வராமல் போவது ஒன்று, அழுதுகொண்டே அவரிடம் வந்து முறையிடுவது வேறொன்று. இரண்டாவதும் தொழுகைதான். இழவு வீட்டுக்குப் போனால், துதிப் பாட்டைத் தொடங்குமுன் இந்தச் சங்கீதங்களில் ஒன்றை மெதுவாக வாசியுங்கள்.

முறைகளைப் பற்றிய சண்டை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஒருவர் ஜெபப்புத்தகத்தை வைத்து வாசிக்கிறார், ஒருவர் கைதட்டிப் பாடுகிறார், இன்னொருவர் திருப்பலியில் மௌனமாக நிற்கிறார். எந்த மலையில் தொழுவது என்று சமாரியப் பெண் கேட்டபோதே, ஆவியோடும் உண்மையோடும் தொழுவதைப் பற்றிப் பேசி இயேசு அந்தக் கேள்வியைக் கடந்துவிட்டார்.

கடைசியாக ஒன்று. "வாழ்க்கையே ஆராதனை, அப்புறம் சபைக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். கூடிவருவதை விட்டுவிட வேண்டாம் என்று எபிரெயர் நிருபம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யூடியூப் ஆராதனையில் பக்கத்து இருக்கைக்காரர் கிடையாது. ஒப்புரவாக வேண்டியவரும், காத்திருந்து சேர்ந்து சாப்பிட வேண்டியவரும் நேரில்தான் கிடைப்பார்கள். படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு அந்த ஒளிபரப்பு பெரிய உதவிதான். ஆனால் போனைக் கொடுத்ததோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் யுஸ்தின், தங்கள் ஞாயிறு கூடுகையை விவரிக்கும்போது இரண்டு செய்திகளைப் பதிந்திருக்கிறார். சேர்ந்த காணிக்கை அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போனது. வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தையும் ரசத்தையும் வீட்டுக்கே எடுத்துப் போனார்கள். உங்கள் சபையில் அப்படி வர முடியாமல் இருப்பவர்கள் யார் யார் என்று ஆயரிடம் கேளுங்கள். அடுத்த முறை அவர் திருவிருந்தோடு அந்த வீடுகளுக்குப் போகும்போது, கூடவே போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.