படிவங்களின் மறைபுலங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையப் படிவத்தில் ‘ஹிடன்’ வகைப் புலம் (திரையில் தெரியாமல் படிவத்தோடு சேர்ந்து செல்லும் மறைபுலம்) ஒன்றை வைத்துவிட்டால் அதன் மதிப்பை யாரும் தொடமாட்டார்கள் என்று நம்பி எழுதப்பட்ட நிரல்கள் இன்றும் ஏராளம். உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறந்தால் போதும், யார் வேண்டுமானாலும் அந்த மதிப்பை மாற்றி அனுப்பலாம். விலை, தள்ளுபடி, பயனரின் அதிகாரம் ஆகியவற்றை அங்கே வைத்து, திரும்பி வந்ததை அப்படியே சேமிக்கவே கூடாது. பொருளின் எண் மட்டும் வரட்டும். விலையைத் தரவுத்தளத்திலிருந்தும், அனுப்பியவர் யார் என்பதைச் செஷனிலிருந்தும் (உள்நுழைந்த பயனரைச் சேவையகம் நினைவில் வைக்கும் முறை) எடுங்கள். வந்த எண்ணுக்குரிய பதிவு இந்தப் பயனருடையதுதானா என்பதையும் சோதியுங்கள். பலர் கோட்டைவிடுவது இந்தக் கடைசிச் சோதனையைத்தான்.

நீங்கள் வைக்காத புலமும் வந்து சேரலாம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் 2012 மார்ச்சில் அதுதான் நடந்தது. பொதுத் திறவியை (கணக்கின் உரிமையாளரை அடையாளம் காண உதவும் குறியீட்டுத் திறவி) புதுப்பிக்கும் படிவத்தில் ஒருவர் வேறொரு கணக்கின் பயனர் எண்ணைத் தாமே சேர்த்து அனுப்பினார். வலைச் செயலிகளை எழுத உதவும் ரெயில்ஸ் கட்டமைப்பின் நிரல் களஞ்சியத்திலேயே எழுதும் உரிமை அவருக்குக் கிடைத்துவிட்டது. வந்த புலங்களையெல்லாம் சோதிக்காமல் மாடலில் (தரவுத்தளப் பதிவைக் கையாளும் நிரல் பகுதி) நிரப்பியதே காரணம். 2013இல் வெளியான ரெயில்ஸ் 4, அனுமதித்த புலங்களை மட்டும் ஏற்கும் ‘ஸ்ட்ராங் பாராமீட்டர்ஸ்’ முறையைக் கொண்டுவந்தது. பைதான் மொழியின் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவில், மாடலிலிருந்து உருவாகும் படிவங்களிலும் ‘எல்லாப் புலங்களும்’ என்று எழுதாமல், தேவையானவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதே நல்லது.

ஜாங்கோவில் பொழுதை விழுங்கும் பிழை இன்னொன்று உண்டு. படிவத்தை அனுப்பினால் அதே பக்கம் திரும்பி வரும். பிழைச் செய்தி எதுவும் இருக்காது, தரவும் சேமிக்கப்பட்டிருக்காது. டெம்ப்ளேட்டில் (பக்கத்தின் வார்ப்புரு) புலங்களை ஒவ்வொன்றாகக் கையால் எழுதியவர் மறைபுலத்தை விட்டிருப்பார். அல்லது புலத்தை எழுதி, அதன் பிழையைக் காட்ட இடம் வைக்காமல் இருந்திருப்பார். மறைபுலங்களைத் தனிச் சுற்றில் (லூப்) அச்சிட்டு, அவற்றின் பிழைகளைப் படிவத்தின் தலைப்பகுதியில் காட்டுங்கள். ஃபார்ம்செட் (ஒரே பக்கத்தில் பல படிவங்களின் தொகுப்பு) என்றால், படிவங்களின் எண்ணிக்கையைச் சொல்லும் மேனேஜ்மென்ட் ஃபார்மையும், மாடல் ஃபார்ம்செட் என்றால் ஒவ்வொரு படிவத்தின் ஐடி புலத்தையும் சேர்த்தே அச்சிட வேண்டும்.

மறைபுலத்தின் மதிப்பைக் கையொப்பமிட்டு, அதாவது சேவையகத்தின் இரகசியத் திறவியால் உருவாக்கிய சரிபார்ப்புக் குறியீட்டைச் சேர்த்து, அனுப்புவது நல்ல வழிதான். ஆனால் கையொப்பம் மாற்றத்தைக் கண்டுபிடிக்குமே தவிர மதிப்பை மறைக்காது. ஆகவே இரகசியம் எதையும் அதில் வைக்காதீர்கள். விலையை மட்டும் கையொப்பமிட்டால், மலிவான பொருளின் கையொப்பத்தை எடுத்து விலையுயர்ந்த பொருளின் படிவத்தில் ஒட்டிவிடலாம். விலையோடு பொருள் எண், பயனர், நேரம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கையொப்பமிடுங்கள்.

சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை (படிவம் நம் தளத்திலிருந்தே வந்தது என்று உறுதிசெய்யும் இரகசியக் குறியீடு) வெளித்தளத்துக்குச் செல்லும் படிவத்தில் சேர்க்காதீர்கள். அது அங்கே கசிந்துவிடும். ரெயில்ஸில் செக்பாக்ஸுக்கு முன்னால் 0 மதிப்புடன் தானாக வரும் மறைபுலத்தைத் தேவையற்றது என்று நீக்கிவிடவும் வேண்டாம். குறியிடாத செக்பாக்ஸை உலாவி அனுப்பாது. அந்தப் புலம் இல்லையென்றால், பயனர் எடுத்துவிட்ட குறி தரவுத்தளத்தில் அப்படியே நின்றுவிடும்.